அல்சாஸ் கூகல்ஹோப்ஃப்: முதன்முறை ஈஸ்ட் கேக் செய்பவர்களுக்கு

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டி இருக்கிறது அல்சாஸ். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை உணவில் இடம்பிடிக்கும் கேக் கூகல்ஹோப்ஃப். இதில் பேக்கிங் பவுடர் கிடையாது. மாவை உப்ப வைப்பது முழுக்க ஈஸ்ட்தான். நடுவில் குழாயும் பக்கங்களில் சாய்வான வரிப்பள்ளங்களும் உள்ள உயரமான அச்சில் சுடுவார்கள். சூஃப்லென்ஹைம் என்ற ஊரின் மண் அச்சுகள் இதற்குப் பேர்போனவை. நம் வீட்டுக்குக் குழாய் வைத்த பண்ட் அச்சு போதும். குழாய் மட்டும் கட்டாயம் வேண்டும். நடு மாவுக்குச் சூடு போவது அதன் வழியாகத்தான்.

தேவையானவை: மைதா 500 கிராம், பால் 200 மில்லி, முட்டை 2, சர்க்கரை 80 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், மிருதுவான வெண்ணெய் 150 கிராம், உலர்திராட்சை 100 கிராம், கொஞ்சம் முழு பாதாம்.

முதலில் திராட்சையை ஊறப்போடுங்கள். அல்சாஸில் கிர்ஷ் என்ற செர்ரி மதுவில் ஊறவைப்பார்கள். வெந்நீரோ ஆரஞ்சுச் சாறோ இருந்தாலும் சரி.

வெண்ணெய், திராட்சை, பாதாம் தவிர எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும், விரல் வைத்தால் சுடக்கூடாது. சூடு கூடினால் ஈஸ்ட் செத்துவிடும்.

அடுத்ததுதான் இந்தக் கேக்கின் உயிர். வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் அது மாவின் புரதத்தைச் சுற்றிப் படிந்துகொள்ளும், அந்தப் புரதம் பின்னி உண்டாக்கும் குளூட்டன் என்ற இழுபடும் வலை சரியாக உருவாகாது. குளூட்டன் வலை இல்லாவிட்டால் ஈஸ்ட் விடும் வாயு நிற்க இடமில்லை, கேக் உயராது. அதனால் மாவு இழுபடத் தொடங்கிய பிறகு, வெண்ணெயைச் சிறு துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் மறைந்தபின் அடுத்ததைச் சேருங்கள். இடையில் மாவு நசநசவென்று கையில் ஒட்டும். தயவுசெய்து அப்போது மைதா தூவாதீர்கள், கேக் வறண்டுபோகும். இன்னும் பத்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால் அதுவே வழவழப்பாகத் திரண்டு வரும். கொஞ்சம் எடுத்து இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். அப்புறம் திராட்சையைப் பிழிந்து சேருங்கள்.

மூடி வைத்து, இரண்டு மடங்காக உப்பும்வரை விடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வெயில் காலத்தில் சீக்கிரமே ஆகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்.

அச்சின் பள்ளங்களுக்குள்ளும் குழாயிலும் வெண்ணெய் தாராளமாகத் தடவி, பள்ளத்துக்கு ஒரு பாதாம் வையுங்கள். மாவை அமுக்கி உருட்டி, நடுவில் விரலால் துளையிட்டு, குழாயில் மாட்டி இறக்குங்கள். அச்சில் பாதிதான் இருக்கும். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை மறுபடி உப்ப விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் கேக் கெட்டியாகிவிடும்.

முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம். மேலே சீக்கிரம் கருத்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்து, நன்றாக ஆறியபின் பொடித்த சர்க்கரை தூவுங்கள். மறுநாள் மிச்சமிருந்தால் துண்டு போட்டு டோஸ்ட் செய்து, வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம்.