மலையில் பழைய வண்டியைச் சீரமைத்தல்: உதிரிபாகம் தேடத் தொடங்குவோருக்கான செய்முறை

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துத் தோட்டக் கொட்டகைகளில் பழைய ஜீப்புகளும் புல்லட்டுகளும் எஸ்டி (Yezdi) மோட்டார் சைக்கிள்களும் இன்றும் நிற்கின்றன. அவற்றில் பல, ஏதோ ஒரு பாகம் கிடைக்கவில்லை என்று நிறுத்தப்பட்டு அப்படியே விடப்பட்டவை. பாகத்தைப் பெயர் சொல்லிக் கேட்பவருக்குக் கடையில் "இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். எண்ணையும் அளவையும் பழைய மாதிரியையும் கையில் கொண்டு செல்பவருக்கு அதே பாகம் கிடைத்துவிடும். இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒன்றைத்தான் வலியுறுத்துகிறது.

படி 1: ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகம்

சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். மலைப்பகுதி ஜீப்புகளில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் பொருத்தும் வழக்கம் பரவலாக இருந்ததால், புத்தகத்தில் ஒரு எரிபொருளும் வண்டியில் வேறொன்றும் இருக்கக்கூடும். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் செலவு செய்யத் தொடங்க வேண்டாம். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது. சந்தைக்கும் தோட்டத்துக்கும் தினமும் எடுத்துச் செல்ல விரும்புபவர் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே பொருத்தம்.

படி 2: கழற்றும் முறை

ஒவ்வொரு பகுதியையும் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் கைப்பேசியில் படம் எடுங்கள். நட்டுகளையும் வாஷர்களையும் பகுதிவாரியாகத் தனித்தனி உறைகளில் இட்டு, பெயர் எழுதி வையுங்கள். எவ்வளவு தேய்ந்திருந்தாலும், புதிய பாகம் வந்து பொருந்தி வேலை செய்யும் வரை பழைய பாகம் எதையும் எறியக் கூடாது. அளவெடுக்கவும் லேத் பட்டறையில் காட்டவும் அதுவே மாதிரி.

இன்னொன்று, மரை, அதாவது போல்ட், நட்டுகளில் உள்ள திருகுச் சுற்று. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் வழி வந்த ஜீப்பில் பெரும்பாலும் அமெரிக்க அங்குல மரையும், பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும், ஜாவா, எஸ்டி, பியட் வண்டிகளில் மில்லிமீட்டர் மரையும் இருக்கும். ஜீப் போல்ட்டில் ஏறத்தாழப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். துருப்பிடித்த போல்ட்டில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் சரியான ஸ்பேனரால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். இறுகிப்போன இன்ஜினுக்கும் இதே பொறுமை வேண்டும்: பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் கையால் மட்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். வண்டியைத் தள்ளியோ இழுத்தோ கிளப்ப முயன்றால் பிஸ்டன் ரிங்குகள் உடையும்.

படி 3: பாகங்களை மூன்றாகப் பிரித்தல்

தேவைப் பட்டியலை எழுதியதும் அதை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, வண்டியின் பெயரோடு தொடர்பில்லாத பொதுப் பாகங்கள். புதியவர்கள் வீணாக அலைவது இவற்றுக்காகத்தான். பேரிங்கின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் எண் தெரியும். 6203 என்றிருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. உலகில் எந்த நிறுவனம் செய்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவுதான். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ உள்ள பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும், வண்டி எதுவென்று சொல்லவே வேண்டியதில்லை. ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் (நுண்ணளவு காட்டும் கருவி) கொண்டு அளந்துகொள்ளலாம், ஆனால் தேய்ந்த சீலின் உதட்டை அளப்பதைவிட அது அமரும் தண்டையும் குழியையும் அளப்பதே நம்பகமானது. வி-பெல்ட், பல்பு, பியூஸ், ஹோஸ் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை, அந்த வண்டிக்கே உரிய, ஆனால் இன்னும் விற்பனையில் உள்ள பாகங்கள். இங்கே வண்டியின் வம்சாவளி தெரிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். மகிந்திரா 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கி, அதே அமைப்பின் வழியில் பல பத்தாண்டுகள் வண்டி செய்தது, ஆகவே பழைய சி.ஜே. 3பி மாடல் ஜீப் வைத்திருப்பவர் பிற்கால மகிந்திரா ஜீப்பின் பாகத்தையும் பழையதன் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த அம்பாசிடர் 2014 வரை தயாரானதால் அதன் பாகங்களைத் தேடுவதும் அவ்வளவு கடினமில்லை. எஸ்டிக்கு மைசூரை முதலில் முயலுங்கள்: ஐடியல் ஜாவா தொழிற்சாலை அங்கேதான் 1961 முதல் 1996 வரை இயங்கியது, கூடலூர் வழியாகச் சென்றால் நமக்குத் தொலைவுமில்லை. சென்னைக்குப் போகிறவர்கள் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பகலைச் செலவிடலாம்.

பழைய பாகத்தை வாங்கும்போது அதை உங்கள் மாதிரியோடு அருகருகே வைத்து, துளைகளின் இடைவெளி, பற்களின் எண்ணிக்கை, தண்டின் விட்டம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். கியரில் பல்லின் நுனி சில்லுப் பெயர்ந்திருந்தாலோ மேற்பரப்பில் குழி விழுந்திருந்தாலோ வாங்க வேண்டாம். பிரேக், ஸ்டியரிங் தொடர்பான ரப்பரையும் மூட்டுகளையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் வகை, எங்கும் கிடைக்காதவை. புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். வார்ப்படமும் இயந்திர வேலையும் பரம்பரையாக நடக்கும் கோயம்புத்தூர் மலையடிவாரத்திலேயே இருப்பது நமக்குப் பெரும் வசதி. பட்டறைக்குப் போகும்போது தேய்ந்த பாகத்தை மட்டும் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே செய்துவிடுவார்கள். அது பொருந்தும் மறுபாதியையும் சேர்த்துக் கொண்டு செல்லுங்கள்.

படி 4: பெயின்டுக்கு முன் பிரேக்

சமவெளியில் இருப்பவர் இன்ஜினில் தொடங்கலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் ஊரில், வண்டி கிளம்புவதற்கு முன் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் புதிய ரப்பர் கிட் போதும். துருக்குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், ஏனெனில் குழியின் மீது ஓடும் புதிய ரப்பர் விரைவில் கிழியும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது; ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி தரை வரை போய்விடும். மூடுபனி நாட்டில் பழைய ஆயிலை முழுவதும் வடித்துப் புதியது நிரப்புவது கட்டாயம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

படி 5: உயரத்துக்கு ஏற்ற சரிப்படுத்தல்

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கரிபடியும், இழுவை குறையும். பலர் இதை இன்ஜின் தேய்மானம் என்று எண்ணி போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைதல்) செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, ஒரு படி சிறிய மெயின் ஜெட்டைப் (கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் அளவைக் கட்டுப்படுத்தும் துளைப் பாகம்) போட்டுப் பாருங்கள். ஆனால் அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வேகமாக ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். பழைய ஜெட்டை வண்டியிலேயே வைத்திருங்கள்.

உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 பாகை செல்சியசுக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதால், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் கொதிநிலையை உயர்த்தும் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களும் பம்ப் டயாபிரமும் உப்பிப் பழுதாகும். அவற்றுக்குப் பதிலாக எத்தனாலைத் தாங்குபவற்றைப் போட்டுவிடுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

சமதரையில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்த பின்னரே இறக்கத்துக்குப் போக வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். சிறிது தூரம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. வீடு திரும்பியதும் வீல் நட்டுகளை மீண்டும் இறுக்கி, பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்த்து, வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் எங்கே கறை விழுந்திருக்கிறதோ, அடுத்து மாற்ற வேண்டிய சீல் அங்கேதான் இருக்கிறது.