நிமோனியா வந்த முதியவருக்கு ஆபத்து எவ்வளவு? கேர்ப்-65 கணக்குப் போடும் விதம்

நிமோனியா வந்தவருக்கு அடுத்த 30 நாளில் உயிராபத்து எவ்வளவு என்று மட்டுக்கட்ட வைத்தியர்கள் பாவிக்கும் எளிய கணக்குத்தான் கேர்ப்-65. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தாதியப் படிப்பைத் தொடங்கியவர்களுக்கும், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சுன்னாகத்தில் 78 வயது ஆச்சி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வயது. 65 அல்லது அதற்கு மேல் என்றால் 1. ஆச்சிக்கு அது வந்துவிட்டது.

அடுத்தது புதிதாக வந்த தடுமாற்றம். ஆச்சி நேற்றிலிருந்து மகளைத் தன் தங்கச்சி என்று நினைத்துக் கூப்பிடுகிறார், என்ன கிழமை என்றும் தெரியவில்லை, அதற்கு 1. ஏற்கெனவே மறதி உள்ளவர் என்றால் வழமையைவிடக் கூடியிருக்கிறதா என்று கூட இருப்பவரிடம் கேளுங்கள். வயசுபோனால் இப்படித்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இந்தத் தடுமாற்றம் மட்டுமே நிமோனியாவின் அடையாளமாக வருவதுண்டு.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 30 அல்லது கூட என்றால் 1. ஆச்சிக்கு 32.

பிரஷர்: மேல் எண் 90க்குக் குறைவு, அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் குறைவு. ஆச்சிக்கு 100/58. மேல் எண் பரவாயில்லை என்று பலர் இங்கே தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் கீழ் எண்ணுக்கு 1 உண்டு.

கடைசியாக இரத்த யூரியா, லீற்றருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் என்றால் 1. ரிப்போட்டில் அலகைப் பாருங்கள்! மில்லிகிராமில் எழுதியிருந்தால் எல்லை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 42. ஆச்சியின் 38 மில்லிகிராமை 7உடன் ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துவிடும், அதற்குப் புள்ளி இல்லை.

ஆக மொத்தம் 4. இந்தக் கணக்கை உருவாக்கி 2003இல் வெளிவந்த ஆய்வில், 0 அல்லது 1 எடுத்தவர்களில் 1.5 சதவீதமும், 2 எடுத்தவர்களில் 9.2 சதவீதமும், 3 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களில் 22 சதவீதமும் 30 நாளில் இறந்தார்கள். ஆச்சி கடும் ஆபத்துக் குழுவில்தான் இருக்கிறார், ஆனால் அந்தக் குழுவிலும் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். கைவிடுவதற்கான எண் இல்லை இது, விரைந்து சிகிச்சை கொடுப்பதற்கான எண்.

குறைந்த புள்ளியையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒட்சிசன் அளவும், ஆள் எவ்வளவு தளர்ந்துபோயிருக்கிறார் என்பதும் இதில் சேரவில்லை.

வீட்டில் யூரியா பார்க்க முடியாது. மற்ற நான்கும் போதும், வயதைத் தவிர இன்னும் ஒன்று சேர்ந்தாலே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். எண்ணிய மூச்சு, பிரஷர், தடுமாற்றம் தொடங்கிய நேரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, அம்புலன்சில் வருபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.