ஸ்பிட்ஃபயரை ஏற்காடு ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையோ, அதே சேஸிஸ் குடும்பத்தில் பிறந்து 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்களைச் சேலத்தில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் முன்பு இந்த வண்டிகளைக் கெடுத்த அதே தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. துருவைப் பார்த்து வாங்குவது, ரேடியேட்டர் தண்ணீரைக் கவனிப்பது எல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

ட்ரன்னியனில் கிரீஸ் அடிப்பது

இந்த ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் துண்டுக்கு வெர்ட்டிக்கல் லிங்க் என்று பெயர். அதன் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, வெண்கலத்தால் ஆன ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. முன்பக்கத்துக்கு வரும் பாரமும் அந்த மரையின் வழியாகத்தான் போகிறது.

தயாரித்தவர்கள் இதற்குச் சொன்னது ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அல்ல. ட்ரன்னியனில் ஒரு சிறிய பிளக் இருக்கும். அதைக் கழற்றி, நிப்பிள் என்ற சிறு முனையை மாட்டி, அழுத்தி அடிக்கும் கன்னில் எண்ணெய் நிரப்பி அடிக்க வேண்டும். நாளடைவில் பிளக்குக்குப் பதிலாக நிப்பிளை நிரந்தரமாகவே விட்டுவிடுகிறார்கள். நிப்பிளைக் கண்டால் பட்டறையில் கை தானாகக் கிரீஸ் கன்னுக்குப் போகும். "எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சாச்சுண்ணே" என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார்கள். வண்டிக்காரரும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்.

கிரீஸ் மரையின் அடி வரை இறங்காது. நாளாக ஆக இறுகிக் காய்ந்து, பின்னால் எண்ணெய் அடித்தாலும் அது உள்ளே போக முடியாதபடி வழியை அடைத்துவிடும். மேலே உள்ள ரப்பர் சீல் வெடித்திருந்தால் மலைப்பாதையின் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேயே தங்கும். எஃகு மரை துருப்பிடிக்கும். துருக்குழியிலிருந்து விரிசல் தொடங்கும். பெரும்பாலும் மரை ஆரம்பிக்கும் மேல் விளிம்பில்தான் அது உடையும். உடைகிற நேரமும் நாம் எதிர்பார்ப்பது அல்ல. நேர் சாலையில் வேகமாகப் போகும்போது இல்லை, மெதுவாக முழு லாக்கில், அதாவது ஸ்டீயரிங்கை முட்டும் வரை, திருப்பும்போதுதான். முழு லாக் போட வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள் ஏற்காடு பாதையில் மட்டும் இருபது.

பெயின்ட், சீட், குரோம் எல்லாம் புத்தம் புதிதாகச் செய்த ஒரு வண்டி, இறக்கத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கி வளைவில் திரும்பியபோது முன் சக்கரம் மடிந்து உள்ளே சாய்ந்தது. நடக்கிற வேகம் என்பதால் உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றிப் பார்த்தால் ட்ரன்னியனுக்குள் கறுத்துக் காய்ந்த கிரீஸ், அதன் கீழே செந்தூளாக உதிரும் மரை. பெயின்ட்டுக்குச் செலவழித்ததில் சிறு பங்கு போதும், இரண்டு பக்கமும் புது வெர்ட்டிக்கல் லிங்க் போட்டிருக்கலாம். கோபம் வருவது அதனால்தான்.

செய்ய வேண்டியது இது. வண்டி கைக்கு வந்ததும், முன்னவர் என்ன சொன்னாலும், இரண்டு பக்கமும் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, மரையின் அடிப்பள்ளங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். துருக்குழி கண்ணில் பட்டாலே அந்த லிங்க்கைத் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு டை பெனிட்ரன்ட் சோதனை உண்டு: சிவப்புச் சாயத்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். லிங்க்கை வெல்டிங் செய்வதோ லேத்தில் மரையை மறுபடி வெட்டுவதோ கூடவே கூடாது. தேய்ந்த மரையில் புது ட்ரன்னியன் மாட்டுவதாலும் பயன் இல்லை.

மாட்டும்போது இடம் வலம் பாருங்கள், இரண்டு பக்க மரையும் எதிரெதிர். ட்ரன்னியனை அடி வரை திருகி, அங்கிருந்து ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்த வேண்டும். அடியிலேயே விட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழு லாக் போகாமல் முட்டும்.

எண்ணெய்க்கென்று தனிக் கன் வையுங்கள். அதன் மேல் பெயின்ட்டில் "ட்ரன்னியன்" என்று எழுதிவிடுங்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்ப, இன்னொருவர் மேல் சீல் வழியே எண்ணெய் கசியும் வரை அடிக்க வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதோடு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும். எண்ணெய் அடியில் ஒழுகித் தரையில் சொட்டுகிறது என்று சிலர் மறுபடி கிரீஸுக்குப் போகிறார்கள். ஒழுகினால் ட்ரன்னியனின் அடி மூடியைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் ட்ரன்னியனையே மாற்றுங்கள். திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை, கனக்கிறது என்றால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

நாலு டயருக்கும் ஒரே காற்று

காற்றடிக்கும் கடையில் ஒன்றும் சொல்லாவிட்டால் நான்கிலும் முப்பது வைப்பார்கள். ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பான மார்க் 4க்கு ரேடியல் டயரில் முன்னே 21, பின்னே 26 பி.எஸ்.ஐ. இந்த வித்தியாசம் இந்த வண்டிக்கு உயிர். பின் ஆக்ஸில் ஸ்விங் வகை, அதாவது ஒவ்வொரு பின் சக்கரமும் தன் ஆக்ஸிலோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச் சக்கரம் உள்ளே மடிந்து, வால் வெளியே வீசும். மார்க் 4இல் வந்த ஸ்விங் ஸ்பிரிங் என்ற மாற்றியமைத்த பின் ஸ்பிரிங் இதைப் பெருமளவு குறைத்தது, அதற்கு முந்தைய வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடியே வெளியே வாருங்கள்.

பிரேஸ் இல்லாமல் சில் வெட்டுவது

ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழுள்ள சில் அலங்காரத் தகடு அல்ல. பாடியின் பலமே அதில்தான். துருப்பிடித்த சில்லை மாற்ற, ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் வெட்டினால் பாடி நடுவில் தொய்யும். அதன் பிறகு கதவு ஒருநாளும் சரியாகப் பூட்டாது. முதலில் கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதுங்கள். கதவின் முன் தூணான ஏ போஸ்டிலிருந்து பின் தூணான பி போஸ்டுக்கு ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெல்டிங் செய்யுங்கள், இதுதான் பிரேஸ். வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே மறுபக்கம். வெல்டிங்கும் ஓரிடத்தில் தொடர்ந்து இழுக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, சூடு ஆற விட்டுச் செய்யுங்கள்.

கிளட்சை மிதித்தபடி நிற்பது

சீசன் நாளில் மலைப்பாதையில் வரிசை நிற்கும்போது கியரில் போட்டுக் கிளட்சை மிதித்திருப்பது பலரின் பழக்கம். இந்த எஞ்சினில் அந்த அழுத்தம் முழுவதும் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின்னால் உள்ள அரைவட்டத் திரஸ்ட் வாஷருக்குப் போகிறது. அது தேய்ந்தால் கழன்று, எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். சோதனை எளிது: எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவர் கிளட்சை மிதித்து விட, மற்றவர் முன்னே கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் சம்ப்பைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. புது வாஷரின் எண்ணெய்ப் பள்ளம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

மலை மேலே கார்புரேட்டரைத் திருகுவது

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் கூடும், எஞ்சின் சற்று மந்தமாகும். அதைச் சரிசெய்வதாக எஸ்.யு. வகைக் கார்புரேட்டரின் கலவை நட்டை அங்கே திருகினால், சேலத்து வெயிலுக்கு இறங்கியதும் பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடி எக்ஸாஸ்ட் வால்வு கருகும். சேலத்தில் டியூன் செய்யுங்கள். மேலே தொடாதீர்கள்.

பழைய ரப்பர் குழாய்

இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய குழாயும் பம்ப் டயஃப்ரமும் ஊறிப்போகும். எத்தனால் தாங்கும் ரப்பருக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸில் ஜி.எல். 5

கியர் ஆயிலில் இந்தத் தரம் வேண்டாம். ஜி.எல். 4 மட்டும்.

பேட்டரி முனை

மார்க் 1, 2 வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும். பார்க்காமல் மாட்டாதீர்கள்.

அவசரப்பட்டு வி.ஏ. எண் வாங்குவது

வி.ஏ. எண் தரும், 2021இல் வந்த விண்டேஜ் பதிவு, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கானது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணுடன் வழக்கமான ஓட்டம் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கே அனுமதி. ஞாயிறுதோறும் மலையேற ஆசைப்படுகிறவர் பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. வாங்கும் முன்பே ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் பாருங்கள்.