சேலத்துல இருந்துகிட்டே மலேயா உளவுக் கதை எழுதுறது எப்படி

ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த மலேயாவுக்குள்ள ரகசியமா இறங்குற ஒரு சோல்ஜரைப் பத்தி கதை எழுதணும்னு ஆசை, ஆனா கையில பாஸ்போர்ட் கூட இல்ல, குடியிருக்கிறது அஸ்தம்பட்டி. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. துப்பாக்கி மாடல் எல்லாம் கடைசியா தேடிக்கலாம். அவன் ராத்திரி யார் வீட்டுக் கதவைத் தட்டுறான், அந்த வீட்டுக்காரங்க என்ன முடிவு எடுக்குறாங்க, கதை நிக்கிறது அங்கதான்.

அதனால முதல்ல எதிரி யாருன்னு முடிவு பண்ணுங்க, வெள்ளைக்காரன் இந்தக் கதைய எழுதினா அவனுக்கு இந்தக் குழப்பமே வராது, நமக்கு வரும். பிரிட்டிஷ் பக்கம்னா போர்ஸ் 136 இருக்கு, ஜப்பான்காரன் பிடிச்ச நாடுகளுக்குள்ள ரகசியமா ஆள் அனுப்பின பிரிட்டிஷ் உளவுப் பிரிவு. 1943 மே மாசம் அந்தப் பிரிவோட அதிகாரி ஜான் டேவிஸ் அஞ்சு சீன ஏஜென்ட்களோட நீர்மூழ்கியில வந்து மலேயாவோட மேற்குப் பக்கம் பேராக் கரையில இறங்கினாரு. ஜப்பான் பக்கம் பாத்தா, மலேயாவுல பினாங்குல ட்ரெய்னிங் எடுத்து 1942 செப்டம்பர்ல ஜப்பான் நீர்மூழ்கியில நம்ம மலபார் கரை தானூருக்கு வந்த வக்கம் அப்துல் காதர். பிடிபட்டு 1943 செப்டம்பர் 10ல சென்னை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. ரெண்டும் ஒரே வேலைதான், பக்கம்தான் வேற. நான் சொல்றது, ஆளை பிரிட்டிஷ் பக்கம் வச்சு மலேயாவுக்கே அனுப்புங்க. ஏன்னா 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூர் வந்தப்புறம் ரப்பர் தோட்டத்துத் தமிழங்க கூட்டம் கூட்டமா ஐஎன்ஏல, அதாவது ஜப்பான்காரனோட சேந்து பிரிட்டிஷ்காரனை எதிர்த்த அவரோட இந்திய தேசிய ராணுவத்துல, சேந்தாங்க, அப்போ உங்காளு போய் தட்டுற லயத்து (தோட்டத்துக் கூலிங்க குடியிருந்த வரிசை வீடு) வீட்டுல பையன் ஐஎன்ஏல இருப்பான், பொண்ணு ஜான்சி ராணி படையில இருக்கும், அப்பனை ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில்பாதை போட இழுத்துட்டுப் போயிருப்பான். இப்ப அந்த அம்மா கதவைத் திறக்கணுமா வேணாமா? ஒரு அத்தியாயம் முழுக்க இதுலயே ஓட்டலாம்.

ஆள் சேலத்துக்காரனா இருக்கட்டும், வலிஞ்சு ஒட்டவச்ச மாதிரி தெரியாது. கங்காணிங்க மலேயா தோட்டத்துக்கு ஆள் பிடிச்ச ஜில்லாவுல நம்ம சேலமும் உண்டு. சொந்தக்காரங்க எவனாவது அங்க இருப்பான்னுதான் இவனையே அனுப்புறாங்கன்னு வச்சுக்கங்க.

சாப்பாட்டுக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். ஜப்பான் காலத்துல அங்க அரிசி கிடைக்காம ஜனங்க மரவள்ளிக்கிழங்கு தின்னுதான் உயிரோட இருந்தாங்க. மலேயா பக்கத்துல இருந்து ஜவ்வரிசி வரத்து நின்னு போனதாலதான் 1943 வாக்குல நம்மூர்ல மரவள்ளில ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க, அதே யுத்தம் அங்க சோத்துக்குப் பதிலா கிழங்கைக் கொடுத்துச்சு, இங்க சேகோ பேக்டரியக் கொடுத்துச்சு. இதை வசனமா எழுதி கெடுத்துராதீங்க, அவன் கிழங்கைத் தின்னுட்டுப் பேசாம இருந்தாலே போதும்.

அடுத்து உடம்பு. அப்போ உளவாளிங்க தூக்குன சூட்கேஸ் ரேடியோ ஒண்ணு கிட்டத்தட்ட 15 கிலோ. அந்த எடைக்கு அரிசிய பையில கட்டிக்கிட்டு ஏற்காட்டுல ஏதாவது காபி எஸ்டேட் சரிவுல, எஸ்டேட்காரங்ககிட்ட சொல்லிட்டு, ஒரு மணி நேரம் பேசாம ஏறுங்க. தோள்ல எங்க அறுக்குது, சருகுல எப்படிக் கால் வச்சா சத்தம் வரல, மூச்சு வாங்குறது எவ்ளோ தூரம் கேக்குது, எல்லாத்தையும் இறங்கி வந்த உடனே எழுதிடுங்க. (காட்டெருமை சுத்துற பக்கம், சாயங்காலம் வேணாம் சாமி.) ஆனா ஏற்காட்டுப் பனியையும் குளிரையும் அப்படியே தூக்கிட்டுப் போய் பேராக் காட்டுல போட்றாதீங்க. இது 1500 மீட்டர் உசரம், சில்வர் ஓக் நிழல். அங்க கீழ்க்காடு புழுங்கும், வருஷம் பூரா மழை, சட்டை காயவே காயாது.

ரேடியோ வேலை செய்யாமப் போறதுதான் நிஜம். டேவிஸ் கூட்டத்துக்கு 1945 தொடக்கத்துலதான் தலைமையகத்தோட ரேடியோ தொடர்பே கிடைச்சது, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா எந்தத் தகவலும் இல்லாமக் கிடந்தாங்க. அதனால அத்தியாயத்துக்கு ஒரு தந்தி, ஒரு குண்டுவெடிப்புன்னு போடாதீங்க. காத்துக் கிடக்கிறதை எழுதுங்க, காய்ச்சல், சலிப்பு, அற்ப விஷயத்துக்கு வர்ற சண்டை.

மாட்டிக்கிறதும் சின்ன விஷயத்துலதான் இருக்கணும். ஜப்பான்காரன் மலேயா முழுக்க டோக்கியோ நேரத்தைக் கொண்டு வந்துட்டான், ஒன்றரை மணி நேரம் முன்னாடி, கடிகாரத்துல எட்டு ஆகும்போதுதான் பொழுதே விடியும். உங்காளு வாட்ச்சைத் திருப்ப மறந்துட்டு பெரட்டுக்களத்துல (காலையில தோட்டத்து ஆளுங்களை எண்ணி வேலைக்கு அனுப்புற இடம்) கிராணிகிட்ட, அதாவது தோட்டத்து கிளார்க்குகிட்ட, மணி ஆறரைதானேன்னு சொல்றான். முடிஞ்சுது. ஜப்பான்காரன் அங்க அடிச்சு விட்ட பத்து டாலர் நோட்டுல வாழைமரம் இருக்கணும், அதையும் கவனிங்க.

காட்டிக்கொடுக்கிறவனை வில்லனாக்காதீங்க. போர்ஸ் 136ல இருந்த சிங்கப்பூர்ச் சீனர் லிம் போ செங் வியாபாரி வேஷத்துல இருந்தும் 1944 மார்ச்ல மாட்டினாரு, ஜூன்ல பேராக்ல இருக்கிற பத்து காஜா ஊர் ஜெயில்ல செத்தும் போனாரு. சித்திரவதைல ஒருத்தன் வாயத் திறந்தா மொத்தக் கூட்டமும் போகும், அவ்ளோதான். உங்க கதையில அந்த ஒருத்தன் நல்லவனா இருக்கட்டும்.

முடிவுக்கு, 1945 ஆகஸ்ட் 15ல ஜப்பான் சரண்னு அறிவிச்சாச்சு, ஆனா பிரிட்டிஷ் படை பினாங்குல வந்து இறங்க செப்டம்பர் ஆயிடுச்சு. நடுவுல ரெண்டு மூணு வாரம் யார் ஆட்சின்னே தெரியாம பழி தீக்குறது நடந்துச்சு. உங்காளு அப்பதான் காட்டை விட்டு வெளிய வரட்டும், அந்த அம்மாவோட ஐஎன்ஏ பையனும் அதே வாரம் வீடு திரும்பட்டும். கடைசி சீனை அங்க வைங்க.