துறுதுறுப்பான பிள்ளைக்கு மதுரை வெயிலில் ஓடியாட வழிகள்

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட, கால் ஓரிடத்தில் தரிக்காத பிள்ளையை வளர்ப்பவர்கள், மாலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் களைத்து உறங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை. பகலெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளை, அந்த ஒரு மணி நேரத்தில் அடங்குவதற்குப் பதிலாக இன்னும் முறுக்கேறித்தான் வீடு திரும்புகிறது. 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும், அது நாள் முழுவதும் பரவியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த 180 நிமிடங்களை நம்மூர் வெயிலுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வதில்தான் திறமை இருக்கிறது.

சித்திரை, வைகாசி மாதங்களில் முதல் பங்கைக் காலை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பாதை இதற்கு வசதியானது. ஆனால் பெரியவர்களைப் போல முழுச் சுற்றும் நடக்கச் சொன்னால், பாதி வழியிலேயே பிள்ளை தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிடும். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை தவளைப் பாய்ச்சல், பிறகு சற்று நடை என்று மாற்றி மாற்றிச் செய்தால் சலிப்பின்றி வரும். சாலையோரத்திலும் படித்துறை அருகிலும் மட்டும் கையை விடக்கூடாது.

நண்பகலில் வெளியே அனுப்ப முடியாது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் உள்ளேயும் ஓட இடமில்லை. இந்த நேரத்துக்கு ஓட்டத்தைவிடத் தூக்குவதும் இழுப்பதும் தள்ளுவதுமே ஏற்றவை. துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளை இத்தகைய வேலைக்குப் பின் நிதானப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைச் சமையலறையிலிருந்து சுமந்து வந்து வாசல் செடிக்கு ஊற்றச் சொல்லலாம். பழைய போர்வையில் தலையணைகளை அடுக்கி, அதை வண்டிபோல் அறைக்கு அறை இழுக்கச் சொல்லலாம். சப்பாத்தி மாவு பிசையும்போது ஓர் உருண்டையைக் கொடுத்தால் கைகளுக்கும் வேலை கிடைக்கும், மாவு சிதறுவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் மட்டும் நமக்கு வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் வரைந்துவிட்டால் அதிலேயே அரை மணி நேரம் கழியும். நொண்டியடிப்பது பலருக்கு நான்கு, ஐந்து வயதில்தான் கைகூடும் என்பதால், சிறிய பிள்ளையை இரு கால்களாலும் குதிக்கவிட வேண்டும். சில்லைக் கட்டத்துக்குள் எறிவதே அதற்குப் போதுமான பயிற்சி.

மாலை ஐந்து மணிக்கு மேல் தெருப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவதற்கு இணையான உடற்பயிற்சி வேறில்லை. கல்லா மண்ணா ஆட்டத்தில், பிடிப்பவர் மண்ணைக் கேட்டுக்கொண்டால் மண்ணில் நிற்பவரைத்தான் பிடிக்கலாம் என்பதால், மற்றவர்கள் கல்லுக்கும் படிக்கட்டுக்கும் திண்ணைக்கும் தாவிக்கொண்டே இருப்பார்கள். ஓடுவது மட்டுமல்ல, சட்டென்று நிற்பதும் விதியைக் காதில் வாங்குவதும் இதில் அடங்கியிருக்கின்றன. துறுதுறுப்பான பிள்ளைக்கு நிற்பதுதான் கடினமான பாடம். நுங்குக் காலத்தில், சுளை தின்ற பிறகு எஞ்சும் இரண்டு கூந்தல்களை (வெற்றுக் காய்களை) ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளும் வண்டி செய்து கொடுக்கலாம். கிட்டிப்புள்ளை இந்த வயதில் தவிர்க்க வேண்டும், புள் கண்ணில் பட்டால் காயம் பெரிதாகிவிடும்.

மார்கழி, தை மாதங்களின் விடுமுறைக் காலையில் கீழக்குயில்குடிக்கு அழைத்துச் செல்லலாம். அங்குள்ள சமணர் மலையில் செதுக்கிய படிகளில் பெரியவர் ஒருவர் பின்னால் வர, பிள்ளையைத் தன் வேகத்தில் ஏறவிட வேண்டும். இறங்கும்போது பெரியவர் முன்னால் செல்ல வேண்டும். ஏறியது வரை போதும், உச்சியைத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எந்த ஆட்டமானாலும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, பிள்ளை கேட்கும் வரை காத்திராமல், தண்ணீரோ நீர்மோரோ கொடுக்க வேண்டும். (ஜிகர்தண்டா தாகம் தீர்க்கும் பானம் அன்று, அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.) பூங்காவில் உள்ள இரும்புச் சறுக்குமரத்தில் ஏற்றுவதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவசியம். விளையாடும் பிள்ளைக்குத் தலைவலியோ மயக்கமோ வாந்தியோ ஏற்பட்டால், உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.