ஏலப் பட்டியலில் ‘ஃபைன்’ என்றிருந்தால் அவசரப்படாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய வீட்டுப் பெட்டிகளில் விக்டோரியா ரூபாய் இன்னும் கிடைக்கிறது. அதற்குத் துணையாக இன்னொன்று வாங்க ஏலப் பட்டியலைப் புரட்டுகிறவர்கள் முதலில் இடறுவது தரக் குறிப்பில்தான். ‘ஃபைன்’ என்றால் ராணியின் தலைமுடியும் உடையின் வேலைப்பாடும் நன்றாகவே தேய்ந்த காசு. அதற்கு மேலே ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, உச்சியில் புழக்கத்துக்கே வராத ‘அன்சர்குலேட்டட்’. ‘ப்ரூஃப்’ இந்த வரிசையில் சேராது. மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்த காசு அது. ‘ரீஸ்ட்ரைக்’ என்றால் பழைய அச்சில் பிற்காலத்தில் அடித்தது. மும்பை நாணயசாலை சேகரிப்பாளர்களுக்காக இப்படி அடித்துக் கொடுத்திருக்கிறது. அசல் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

1862 என்று பொறித்த ரூபாய் அந்த ஆண்டே அடிக்கப்பட்டது என்று நம்புவதும் தவறு. 1874 வரை அதே ஆண்டைத்தான் பொறித்தார்கள். பட்டியலில் ‘ஏ/2, 0/2’ போல வருவது முகத்தின் வகை, பின்புற வகை, பின்புறத்தில் இருக்கும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கை. விலை பல மடங்கு மாறுவது இந்தச் சின்ன எழுத்துகளில்தான். இதைப் படிக்காமல் தாண்டிப் போகவே கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ‘க்ளீன்டு’ என்ற குறிப்பு. மலை ஈரத்தில் வெள்ளி கறுக்கும். சீராகப் படிந்த அந்த நிறத்தைத்தான் ‘டோன்டு’ என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதற்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். நம் வீடுகளிலோ விபூதி போட்டுத் தேய்த்துவிடுகிறோம். காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். கை படாத காசில் ஒளி ஆரக்கால் போலச் சுழலும். தேய்த்த காசு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரேயடியாக மினுங்கும், மயிரிழைக் கீறல்கள் தெரியும். போன மெருகு திரும்பாது.

‘எக்ஸ்-மவுண்ட்’ என்பது காசுமாலையிலோ பதக்கத்திலோ இருந்து கழற்றியது. ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பில் பற்றவைத்த தழும்போ அரம் பட்ட தடமோ இருக்கும். விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

‘எஸ்டிமேட்’ வெறும் மதிப்பீடு. ஏலம் முடிந்த தொகைமேல் கமிஷனும் வரியும் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.