மெட்டர்னிட்டி ஷூட்: இடம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் இப்போதெல்லாம் வளைகாப்புக்கு முன்னால் ஒரு மெட்டர்னிட்டி ஷூட், அதாவது பிள்ளைத்தாச்சியை வயிற்றோடு படம் எடுத்து வைப்பது என்பது ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாகக் கேமரா எடுத்த பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல கண் இருக்கிறது, சலிக்காமல் உழைக்கிறார்கள். ஆனால் இடம் பார்ப்பதில் மட்டும் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். உச்சி வெயிலில் எடுக்காதே, பின்னால் கரண்ட் கம்பம் தெரியாமல் பார் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

ஒதுங்க இடம் இல்லாத இடம்

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற தவறு இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

போன பங்குனியில் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக்குளம், பின்னால் மொட்டைப் பாறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் கிடைக்கிற இடம். நாலு மணி வாக்கில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான், கூடவே அவள் வீட்டுக்காரரும் அம்மாவும். எங்கேயோ பார்த்த ஒரு படம் அவன் மனதில் இருந்திருக்கிறது, பாறை மேல் நிற்கிற பெண், காற்றில் பறக்கிற கவுன், கீழே ஊர். அந்த ஒரு படத்துக்காக, பகல் முழுக்க வெயில் குடித்த பாறையில், வெட்டி வைத்திருக்கும் படிகளில் அவளை ஏற்றினான். "இன்னும் பத்துப் படிதான் அக்கா" என்று அவன் சொல்வது கீழே எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பாதியிலேயே இறங்கி வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வார் இருந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினால், உதட்டை நனைத்துக்கொண்டு உடனே மூடியைத் திருகிவிடுகிறாள். நன்றாகக் குடிம்மா என்றேன். "குடிச்சா எங்கக்கா போறது? மதியத்துலேருந்து அதான் குடிக்காமயே இருக்கேன்" என்றாள், ரொம்பத் தாழ்ந்த குரலில், அந்தத் தம்பிக்குக் கேட்காதபடி.

அவளாக அதை அவனிடம் சொல்லவே மாட்டாள். எந்தப் பெண்ணும் முன்பின் தெரியாத போட்டோகிராபரிடம் எனக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, தண்ணீர் குடிப்பதைத்தான் நிறுத்துவாள். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் பாரம் மூத்திரப் பையை அழுத்திக்கொண்டே இருக்கும், அடிக்கடி போகத்தான் வேண்டும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றால் தலை சுற்றும், வயிறு இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சிரிக்கிற முகத்தை எந்த லென்ஸ் போட்டு எடுத்தாலும் அந்தச் சோர்வு தெரியும்.

அன்றைக்கு அவர்கள் ஆல்பத்துக்குத் தேறாத சில படங்களோடு கிளம்பினார்கள். மறுபடி எடுக்கவும் முடியவில்லை. அடுத்த வாரம் வளைகாப்பு, அது முடிந்ததும் பிரயாணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கல்யாண ஜோடி என்றால் அடுத்த மாதம் ஒரு நாள் வரச் சொல்லலாம். இதில் வயிறு நன்றாகத் தெரிந்து உடம்பும் ஒத்துழைக்கிற காலம் 28-ஆவது வாரத்திலிருந்து 34 வரைதான், இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். கெட்டுப்போன ஷூட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தரலாம், அந்த வாரங்களை யார் திருப்பித் தருவது?

அதனால் இடம் பார்க்கப் போனால் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். நீங்களே கதவைத் திறந்து பாருங்கள்: தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, தரை வழுக்குகிறதா, மேற்கத்திய டாய்லெட்டா (எட்டு மாதத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுவது எல்லோராலும் ஆகாது). அடுத்து, காரை விட்டு இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும், உட்கார நாற்காலி போட நிழல் இருக்கிறதா, உடை மாற்ற கதவுள்ள அறை இருக்கிறதா. காருக்குள் நான்கு பக்கமும் துண்டைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றச் சொல்வது அவளுக்குச் செய்கிற அவமரியாதை. இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் பேக்கிரவுண்டு.

எனக்குக் கேட்டால் முதல் தேர்வு அந்தப் பெண்ணின் தாய் வீடுதான். மொட்டை மாடி, திண்ணை, கிணற்றடி, அவள் வளர்ந்த அறையின் ஜன்னல் என்று எல்லாம் அங்கேயே கிடைக்கும். அடுத்தது சோழவந்தான், திருவேடகம் பக்கம் வீட்டோடு இருக்கிற தென்னந்தோப்பு. தோப்புக்காரரிடம் முன்கூட்டியே பேசி, வீட்டைத் திறந்து வைக்கச் சொல்லிவிட வேண்டும்.

பாறையும் படித்துறையும்

மாதம் ஏற ஏற உடம்பின் பாரம் முன்னால் சாயும், மூட்டுகளும் தளர்ந்திருக்கும். தரையில் புரளும் கவுனோடு பாசி படிந்த படித்துறையில் இறக்குவது ஆபத்து. பாறையிலோ புல்லிலோ மல்லாந்து படுக்கவும் வைக்காதீர்கள், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும். படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இடப்பக்கம் ஒருக்களித்து, கொஞ்ச நேரம் மட்டும்.

தை மாதப் படத்தைப் பார்த்து வைகாசியில் போவது

நம் பக்கம் வயலும் கண்மாயும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கிற கண்மாய் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பச்சை வயலை நம்பிப் போனால் அறுத்த தாள்தான் இருக்கும். வைகையும் அப்படித்தான், பாதி வருடம் மணலும் கருவேலமும், அணையில் திறந்துவிட்டால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. இன்னொன்று, வரப்பு. ஒற்றையடி அகலம், ஈரமாக இருந்தால் நமக்கே கால் சறுக்கும். வயல் வேண்டும் என்றால் வண்டிப் பாதையில் நிறுத்தி, வயலைப் பின்னால் வைத்து எடுங்கள். ஷூட்டுக்கு அந்த வாரத்திலேயே, எடுக்கப்போகிற அதே மணிக்கு, ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருமலை நாயக்கர் மகால்

1636-இல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு முன் யார் நின்றாலும் கம்பீரம்தான். ஆனால் காலை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் நல்ல வெளிச்சம் போய் முற்றத்தில் வெயில் விழ ஆரம்பித்திருக்கும், பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். அனுமதி வாங்காமல் ட்ரைபாடும் லைட்டுமாக உள்ளே போய், பணியாளரோடு வாக்குவாதம் நடக்கும்போது அந்தப் பெண்ணை ஓரமாக நிற்க வைப்பது ரொம்பத் தப்பு.

மீனாட்சி அம்மன் கோயில்

உள்ளே செல்போனுக்கே 2018-இலிருந்து தடை. கேட்டுப் பார்க்கலாம் என்று கூட நினைக்காதீர்கள்.

கூட்டம் கூடுகிற இடம்

வண்டியூர் தெப்பக்குளம் மாலையில் அழகுதான், நடுவில் மைய மண்டபம், அதற்குப் பின்னால் சாய்கிற வெயில். அதே நேரத்தில்தான் ஊரே அங்கே வாக்கிங் வரும். வயிறு தெரிய கவுன் போட்ட பெண்ணைச் சுற்றி நான்கு பேர் போனைத் தூக்கிப் பிடித்தால் அவள் தோள் தானாகக் கூனிவிடும். தெப்பக்குளம்தான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பட்டுச்சேலை.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் முடிவு செய்வது

பிள்ளைத்தாச்சியை உச்சிப்பொழுதில் வெளியே விட மாட்டார்கள், ஆற்றைத் தாண்டக் கூடாது, கருப்பு கோயில் பக்கம் வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கும். நீங்கள் நம்புகிறீர்களா என்பது இங்கே விஷயமே இல்லை. மாமியார் முகம் சுளித்துக்கொண்டு நின்றால் அந்தப் பெண்ணால் சிரிக்க முடியாது. அட்வான்ஸ் வாங்கும்போதே அம்மா, அத்தை இருவரிடமும் இடத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வேப்பிலைக் கொத்தைப் பையில் செருகி அனுப்பினால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

தண்டவாளம்

கூடவே கூடாது. அகலப்பாதை வேலை நடந்தபோது சும்மா கிடந்த மதுரை-போடி ரயில் லைனில் இப்போது ரயில் ஓடுகிறது.

கொடைக்கானல், சிறுமலை

வேண்டாம். கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர், வத்தலக்குண்டு தாண்டினால் முழுக்க மலைப்பாதை. சிறுமலை பக்கம்தான், ஆனால் 18 கொண்டை ஊசி வளைவு. மேலே போய்ச் சேரும்போது அவள் வாந்தி எடுத்து ஓய்ந்திருப்பாள். டாக்டர் சரி என்று சொல்லி, குடும்பமும் இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மாற்று இடம் இல்லாமல் தேதி கொடுப்பது

ஐப்பசியில் மழை வரும், மற்ற மாதத்தில் வெயில், எந்த மாதத்திலும் அன்று காலை போன் செய்து முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. முன்பணம் வாங்க வீட்டுக்குப் போகிறபோதே எந்த அறையில் காலை வெளிச்சம் வருகிறது, எந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் திரைச்சீலையும் நாலு கிளிப்பும் வண்டியில் எப்போதும் கிடக்கட்டும்.